காது கொடுங்கள், காசும் கொடுங்கள்

வாசகர், ஹாலிஎல: காது கேளாத பிள்ளைகளுக்காகப் பெற்றோரே உண்டியல் தூக்கினால், "பிள்ளையை வைத்துச் சம்பாதிக்கிறான்" என்று சனம் சொல்லாதா?

சொல்லும். திருவிழாவுக்கு லயம் லயமாக நோட்டுப் புத்தகம் கொண்டு போகிறவரையும்தான் சொல்கிறது. அதற்காகத் தேர் நின்றுவிட்டதா? வரவு, செலவு இரண்டையும் எழுதி மாதாமாதம் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டுங்கள். வாயை அடைக்கக் கணக்கைவிட நல்ல பூட்டு கிடையாது.

வாசகி, பசறை: காது கேட்க வைக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததுதானே?

அன்றைக்குத்தான் ஆரம்பம். பிள்ளை வளர வளரக் காதும் வளரும். மோல்ட் என்கிற காது அச்சு சிறிதாகிப் போகும். மெஷின் 'கீ' என்று விசிலடித்தால் பெரும்பாலும் அச்சு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பட்டன் பெட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் வரும். அதன் முதுகிலுள்ள ஸ்டிக்கரை உரித்த நிமிடமே அது கரையத் தொடங்கும். பாவிக்காமல் வைத்தாலும் கரையும். ஆகவே தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். தீர்ந்ததைக் குழந்தை எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள். நன்கொடை கேட்கும்போது மெஷினுக்கு மட்டும் கேட்காமல், இரண்டு வருடப் பெட்டரிக்கும் அச்சுக்கும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் மெஷின் சாமிப் படத்துக்குப் பின்னால் குடியேறிவிடும்.

வாசகி, லுணுகலை: மகனுக்கு இரண்டு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. "அவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்" என்கிறார் மாமியார்.

மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். காதைச் சோதித்துவிட்டு அப்புறம் காத்திருங்கள். பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தேன், திரும்பினான் என்பதெல்லாம் சோதனை ஆகாது. நிழலைப் பார்த்தும் பிள்ளை திரும்பும். பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். நாளைக்கே தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். போகட்டும்.

வாசகர், பண்டாரவளை: அழுகிற பிள்ளையின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டால் காசு கொட்டுமாமே?

கொட்டும். அதே பிள்ளை பதினாறு வயதில் அந்தப் படத்தைப் பார்க்கும், அதன் வகுப்பும் பார்க்கும். பெட்டரிப் பில்லைப் படம் பிடித்துப் போடுங்கள். பில்லுக்கு வெட்கம் கிடையாது.

வாசகர், தெமோதரை: இப்படிக் கிளம்பிச் சாதித்த பெற்றோர் யாராவது உண்டா?

ஹொலிவூட் நடிகர் ஸ்பென்சர் ட்ரேசியின் மனைவி லூயிஸ். மகன் ஜானுக்குக் காது கேளாது. 1942இல் லொஸ் ஏஞ்சலிஸில் மகன் பெயரிலேயே ஒரு நிலையம் தொடங்கினார். நிர்வாக சபையில் வோல்ட் டிஸ்னியும் இருந்தார். அங்கே பாடம் முதலில் பெற்றோருக்கு, கட்டணம் இல்லை, தூரத்தில் இருந்தவர்களுக்குத் தபாலில் போனது. நமக்கு டிஸ்னி கிடைக்கமாட்டார், யூனியன் தலவர் கிடைப்பார். சபையில் உட்கார வையுங்கள். உண்டியலுக்கு மட்டும் மூன்று பூட்டுப் போட்டு, சாவியை மூன்று வீட்டில் வையுங்கள்.

வாசகி, அப்புத்தளை: நம் நாட்டில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்போது வந்தது?

1912இல், மேரி சாப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணியால். அது இரத்மலானைப் பாடசாலையாக வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தது. பதுளையிலிருந்து அங்கே போக ஓர் இரவு பஸ்ஸில் கழியும். ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் தாய்க்கு அது இன்னும் நீளம். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவில் அம்மாவும் பிள்ளையோடு வகுப்பில் உட்காருகிறார். கொழுந்து பறிக்கிற அம்மா அப்படி உட்கார வேண்டுமானால், அன்றைய சம்பளத்தை யாராவது கொடுக்க வேண்டும். உங்கள் நிதியில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

வாசகர், வெலிமடை: இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை. நாம் ஏன் தகரப் பேணியைக் குலுக்க வேண்டும்?

அரசாங்கம் செய்ததையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு ருபெல்லா என்ற அம்மை கண்டால் வயிற்றுப் பிள்ளையின் காதைப் பறிக்கக்கூடும். 1996இல் அதற்குத் தடுப்பூசி இங்கே வந்தது. 2020இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. எந்த உண்டியலாலும் அது முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டமும் அதே 1996இல் வந்ததுதான். ஆகவே ஒரு கையில் மனு, மறு கையில் பேணி. மனுவுக்குப் பதில் வரும்வரை பெட்டரி காத்திருக்காது.

வாசகர், பதுளை: நூறு ரூபாய் தருகிறேன். மேடையில் பொன்னாடை போடுவீர்களா?

பொன்னாடையே நூறு ரூபாய்க்கு வராது ஐயா. போட்டால் நிதிக்கு நட்டம், போடாவிட்டால் உங்களுக்கு வருத்தம். சுவர்க் கணக்கில் உங்கள் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதச் சொல்கிறேன்.