காயிலைப் பார்த்தே கெட்டவன்

ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஷாஃப்ட் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். எஃகு என்ன ரகம் என்று நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிற ஆள். அந்தத் தைரியத்தில்தான், சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு இண்டக்ஷன் ஸ்டவ் வந்ததும் பாத்திரம் வாங்க நானே கிளம்பினேன்.

அலுமினியம் ஆகாது என்பதுவரை தெரியும். பளபளவென்று ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை, ஸ்டீல்தானே என்று வாங்கிவந்து வைத்தேன். ஸ்டவ் கீகீ என்று கத்திவிட்டு அணைந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்தாள் மனைவி. வழுக்கி விழுந்தது. "ஏங்க, கம்பெனில இதத்தானே பாக்கறீங்க?" நிக்கல் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. அதுவும் எனக்குத் தெரியும். கம்பெனி கேட்டுக்குள் இருக்கும்போது மட்டும்.

கண்ணாடிக்கு அடியில் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். அதில் மின்னோட்டம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் முன்னும் பின்னும் போய்வருகிறது. கூடவே காந்தப்புலமும் மாற, எந்த ஒயரும் தொடாத பாத்திரத்தின் அடியில் மின்சாரம் சுழல்கிறது. காந்தம் ஒட்டுகிற இரும்பில் அது மேல்தோலிலேயே நெருக்கியடித்து ஓடுவதால் சூடு கிளம்பும். அலுமினியத்தில் அவ்வளவு தடை இல்லை, நோகாமல் ஓடிவிடும்.

அடுத்தது கிரைண்டர். 2011-இல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் அம்மாவிடம் இன்னும் இருக்கின்றன. மிக்ஸிக்குக் கார்பன் மாற்றிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருந்தேன். கிரைண்டர் உம்மென்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றபோது, படப்பையில் ஒரு கடைக்குப் போய் அதே கெத்தோடு கார்பன் கேட்டேன். "கிரைண்டர்ல ஏதுண்ணே கார்பன்? கண்டன்சர் போயிருக்கும்" என்றார் கடைக்காரர், தலையைக்கூடத் தூக்காமல். மிக்ஸியில் சுழலும் பாகத்துக்குக் கார்பன் வழியாக மின்சாரம் போக வேண்டும். கிரைண்டரிலும் மின்விசிறியிலும் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். சுழலும் பாகத்துக்கு ஒயரே கிடையாது. சுற்றிலும் மாறுகிற காந்தப்புலம் அதற்குள் மின்சாரத்தை வரவழைத்துத் தள்ளும். எந்தப் பக்கம் சுற்றுவது என்று ஆரம்பத்தில் முடிவுசெய்துகொடுப்பது கண்டன்சர்.

எனக்கு ஒரு முன்னோடி உண்டு. 1825-இல் ஜெனிவாவில் கொலடோன் என்பவர் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துப் பார்த்தார். மின்சாரத்தைக் காட்டும் முள்ளைக் காந்தம் பாதித்துவிடக்கூடாதென்று அதைப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்ப்பதற்குள், துள்ளிய முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. காந்தம் அசைகிற நேரத்தில் மட்டும்தான் மின்சாரம். அது யாருக்குத் தெரியும் அப்போது? ஃபாரடேயும் முதலில் தோற்றவர்தான். 1831-இல், பேட்டரியை இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் மட்டும் முள் துள்ளுவதைக் கவனித்துப் பேர் வாங்கிவிட்டார். எனக்குக் கொலடோனைத்தான் பிடிக்கிறது.

மூன்றாவது கம்பெனியிலேயே நடந்தது. பாலிடெக்னிக் பிள்ளைகள் விசிட் வந்தார்கள். ஹார்டனிங் மெஷினில், வளையமாக வளைத்த செம்புக் குழாய்க்குள் ஷாஃப்ட் சுழன்றுகொண்டு நிற்கும். சில நொடிகளில் ஆரஞ்சு நிறத்தில் கனியும்; உடனே சுற்றிலும் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, ஆவி எழும்பும். மேல்தோல் மட்டும் கெட்டியாகிவிடும், உள்ளே எஃகு பழையபடியே இருக்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் காயில் நல்லா சூடாகி, அந்தச் சூட்டை ஷாஃப்டுக்குக் கொடுக்குது" என்றேன். பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

"சார்," என்று மெதுவாகக் கூப்பிட்டாள் மெஷினில் நின்ற ஐடிஐ படித்த பெண். "சூடாகறது ஷாஃப்ட்தான் சார். காயிலுக்கு உள்ள தண்ணி ஓடுது, பாருங்க." ஹோஸ் பைப்பை விரலால் காட்டினாள். தினமும் நான் தாண்டிப்போகிற ஹோஸ்தான் அது. எழுதியதை எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அடித்தார்கள்.

இப்போதெல்லாம் விசிட் வந்தால் மெஷின் பக்கம் விளக்குவது அந்தப் பெண். டீ, சமோசாவுக்கு நான் பொறுப்பு.