நாலாவது ஜட்ஜ்

குத்துச்சண்டை என்றால் உயிரையே விடுவார். ஆனால் நாக் அவுட் மட்டும் ஆகாது. எதிராளி மல்லாந்து விழுந்து, ரெஃப்ரி பத்து எண்ணி முடித்ததும் கடையே எழுந்து நின்று கத்தும். இவர் மட்டும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். யார் ஜெயித்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் இவர் எதற்கு? ரிங்கைச் சுற்றி மூன்று ஜட்ஜுகள் இருப்பார்கள். நாலாவது ஜட்ஜ் பினாங்கில், நாசி கண்டார் கடையில், மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள மேசையில்.

2018 ஜூலை 15 அவர் வாழ்க்கையில் பொன்னாளாக இருந்திருக்க வேண்டும். பிலிப்பீன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பக்கியாவ் நம் நாட்டுக்கே வந்து, புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கில் அர்ஜென்டினாக்காரர் லூக்காஸ் மத்தீஸுடன் மோதினார். பிரதமர் மகாதீரும் பிலிப்பீன்ஸ் அதிபர் டுட்டர்ட்டேவும் நேரில் வந்து பார்த்த சண்டை. ஜட்ஜ் அண்ணன் முதல் நாளே பட்டர்வொர்த் போய் இரயிலேறிவிட்டார். பன்னிரண்டு ரவுண்டுக்கும் கட்டம் போட்ட அட்டை, பேனா, பேனா நின்றுபோனால் இன்னொரு பேனா. மத்தீஸ் மூன்றாம் ரவுண்டில் விழுந்தார், ஐந்தில் விழுந்தார், ஏழில் இடது கை அப்பர்கட் வாங்கி ஒரேயடியாக முடிந்தார். அட்டையில் பாதிக் கட்டம் காலி.

திங்கட்கிழமை கடைக்கு வந்தவரைச் சுற்றிக்கொண்டோம். பக்கியாவைக் கண்ணால் பார்த்த மனுஷன் ஆயிற்றே!

“எப்படிண்ணே இருந்துச்சு?”

“என்னத்தச் சொல்றது தம்பி. அவன் ஒழுங்கா சண்டையே போடல. பன்னெண்டு ரவுண்டு நின்னிருந்தான்னா பேசலாம்.”

அன்றிரவே நடந்த உலகக் கிண்ண இறுதி ஆட்டம்தான் அவரைத் தேற்றியது. வீடியோ பார்த்துப் பிரான்ஸுக்குக் கொடுத்தார்களே ஒரு பெனால்டி, அது பந்து கையில் பட்டதா, கை பந்தில் பட்டதா என்று வாரக்கணக்கில் ஓட்டினார். காற்பந்து அவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

லாஸ் வேகஸில் சனிக்கிழமை இரவு என்றால் நமக்கு ஞாயிறு மத்தியானம். கோயிலுக்குப் போய்விட்டு லிட்டில் இந்தியாவிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருகிற நேரம். நான்கு பேர் உட்காரும் மேசையை ஒரே ஒரு தே தாரிக்கை வைத்துப் பிடித்திருப்பார். டிவியில் சத்தம் கூடாது. “கமெண்டரி கேட்டா மூளை அவன் பக்கம் சாஞ்சிடும்.” ரவுண்டு நடக்கிற மூன்று நிமிடமும் யாரும் வாய் திறக்கக் கூடாது, ஆர்டர் எடுக்கிற பையன்கூட மணியடிக்கும் வரை தள்ளித்தான் நிற்பான். இடைவேளையின் ஒரு நிமிடத்தில்தான் சாப்பாடு கேட்பது, பேசுவது, தும்முவது எல்லாம். அந்த ஒரு நிமிடத்திலும் முக்கால்வாசி அவருக்குப் போய்விடும். கேட்டவன் தோளையே பக்கியாவின் எதிராளிகளான மார்க்கேஸாகவும் பிராட்லியாகவும் பாவித்து, எந்தக் குத்து முகத்தில் விழுந்தது, எது கிளவுசில் பட்டு வீணானது என்று செய்து காட்டுவார். என் இடது தோள் பல உலகச் சாம்பியன்களுக்காக அடி வாங்கியிருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அந்த அட்டையைத்தான் பொறுக்க முடியாது.

2012 ஜூன் 9, பக்கியாவ் - திமோத்தி பிராட்லி. பக்கியாவ் ஜெயித்துவிட்டார் என்று உலகமே நினைத்துக்கொண்டிருக்க, இரண்டு ஜட்ஜுகள் 115-113 என்று பிராட்லிக்கும் ஒருவர் அதே 115-113ஐப் பக்கியாவுக்கும் போட்டார்கள். ஸ்பிளிட் டிசிஷன், பட்டம் பிராட்லிக்கு. ஜெயித்தவர் பத்திரிகையாளர் கூட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தார், காலில் அடி. அன்று கடை பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் அண்ணன் போட்ட பாயிண்டுகள் இன்றும் அவர் பர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது எடுப்பார். மருந்தகத்தில் நம்பர் கூப்பிடக் காத்திருக்கும்போது எடுப்பார். பினாங்குப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றால் ஸ்டீரிங் மேல் விரித்து வைப்பார். ‘ப’ என்று ஒரு பத்தி, ‘பி’ என்று ஒரு பத்தி. நாலாக மடித்து மடித்து மடிப்பில் இருந்த ஏழாம் ரவுண்டு தேய்ந்தே போய்விட்டது. அந்த ரவுண்டு இப்போது அவர் மனநிலையைப் பொறுத்தது. நல்ல நாளில் அதைப் பிராட்லிக்கு விட்டுக்கொடுப்பார், கூட்டினால் 117-111. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் அதுவும் பக்கியாவுக்கே, 118-110. கணக்கு எப்படிண்ணே மாறுது என்று ஒருமுறை கேட்டவர், இப்போது வேறு கடையில் தேநீர் குடிக்கிறார்.

சொந்த அக்காள் மகளின் கல்யாணத் தேதி அவருக்கு மறந்துபோகும். டுவேன் ஃபோர்டு, சி.ஜே. ராஸ், ஜெர்ரி ராத் மறக்காது. ஜெர்ரி ராத் நல்லவர். மற்ற இருவரும் வாங்கின கடனைத் திருப்பாத பக்கத்து வீட்டுக்காரர்கள். 2013இல் மேவெதர் - கனெலோ சண்டையில் மேவெதர் ஒருதலையாக ஜெயித்துக்கொண்டிருக்க, அதே ராஸ் 114-114 என்று சமன் போட்டபோது எனக்குப் போன் வந்தது. “பாத்தியா? அந்தம்மா மறுபடியும்!” குரலில் அவ்வளவு ஆனந்தம்.

பிராட்லி விவகாரத்தில் அந்தப் பட்டத்தை வழங்கும் டபிள்யூ.பி.ஓ. அமைப்பே ஐந்து ஜட்ஜுகளிடம் சண்டை வீடியோவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. ஐந்து பேரும் பக்கியாவ் என்றார்கள். ஆனாலும் முடிவு மாறவில்லை. “அஞ்சு பேரு தம்பி! அஞ்சு பேரு!” என்று ஐந்து விரலையும் என் மூக்குக்கு நேரே விரிப்பார். 2017இல் பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்னிடம் பக்கியாவ் பாயிண்டில் தோற்றார். அதே டபிள்யூ.பி.ஓ. அதே மாதிரி ஐந்து பேரிடம் மறுபடி பார்க்கக் கொடுத்தது. இந்த முறை ஹார்னுக்கு ஏழு ரவுண்டு, பக்கியாவுக்கு ஐந்து என்று வந்தது. “யாரு அந்த அஞ்சு பேரு? பேரச் சொல்லச் சொல்லு பாப்போம்!” விரல்கள் மடங்கி முஷ்டியாகியிருந்தன.

ஆனால் 2004 கணக்கில் நியாயம் அவர் பக்கம்தான். மார்க்கேஸோடு நடந்த முதல் சண்டை. முதல் ரவுண்டிலேயே மார்க்கேஸ் மூன்று முறை விழுந்து எழுந்தார். மற்ற இரண்டு ஜட்ஜுகளும் 10-6 போட்டார்கள். பர்ட் கிளெமென்ட்ஸ் 10-7 போட்டார். அவர் அட்டை 113-113, மொத்தச் சண்டையும் சமன். அந்த ஒரு பாயிண்டைக் குறைத்திருந்தால் பக்கியாவ் வெற்றி. தப்புத்தான் என்று கிளெமென்ட்ஸே பிறகு ஒத்துக்கொண்டார். இதை அண்ணன் சொல்லிக் கேட்க வேண்டும். தேநீர் கிளாசின் அடியிலிருந்து விரலை நனைத்து மேசையில் எழுதுவார், கூட்டுவார், கிளெமென்ட்ஸின் ஒரு பாயிண்டைச் சுட்டுவிரலால் அழிப்பார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தேறினாரோ என்னவோ, இதில் புலி.

1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் பதினைந்து ரவுண்டு மோதியதை நேரில் பார்த்த பெரியவர் ஒருவர் எப்போதாவது கடைக்கு வருவார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். அண்ணன் தே தாரிக்கில் நுரையை ஊதிக்கொண்டிருப்பார். மூன்று ஜட்ஜும் அலி என்றார்களாம், யாரும் சண்டைக்கு வரவில்லையாம். அதில் என்ன இருக்கிறது?

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2021 ஆகஸ்டில் பக்கியாவ் கியூபாக்காரர் உகாஸோடு மோதினார். கோவிட் காலம், கடையில் கூடி உட்கார்ந்து டிவி பார்க்க வழியில்லை. சண்டை முடிந்து, ரிங்கில் முடிவு அறிவிப்பதற்கு முன்பே அவர் அட்டையின் படம் என் போனுக்கு வந்தது. 116-112, உகாஸுக்கு. படம் தலைகீழாக வந்ததோ என்று திருப்பிப் பார்த்தேன். போன் போட்டேன். “தோத்துட்டான் தம்பி. கால் நகரல. வயசாயிடுச்சு” என்றார். கொஞ்ச நேரத்தில் ரிங்கில் அறிவித்தார்கள். இரண்டு ஜட்ஜுகளின் அட்டையில் அதே 116-112. அன்றைக்கு மட்டும் அவர் தீர்ப்பை ஒத்துக்கொண்ட ஜட்ஜுகள் இருந்தார்கள், அதைச் சொல்லிக்காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

பக்கியாவுக்கு அப்புறம் யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். “பிலிப்பினோ பாக்சிங் முடிஞ்சது.” முடியவெல்லாம் இல்லை. 2024இல் மெல்வின் ஜெருசலேம் ஜப்பானுக்கே போய் யுடாய் ஷிகேயோகாவை இரண்டு முறை தரையில் சாய்த்து உலகப் பட்டத்தைப் பிடுங்கி வந்தார். அதே வருடம் பெட்ரோ டடுரான், அதே ஜப்பானில், யுடாயின் தம்பி கின்ஜிரோவை ஒன்பதாம் ரவுண்டில் நிறுத்தி இன்னொரு பட்டத்தைப் பறித்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரிடமிருந்தும் இரண்டு பிலிப்பினோக்கள்! இரண்டும் 105 பவுண்டு, அதாவது 48 கிலோகூட வராத எடை. “நம்ம வீட்டு அரிசி மூட்டையே அதைவிடக் கனம்” என்று ஜட்ஜ் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்லன் தபாலேஸை மட்டும் கொஞ்ச காலம் மெச்சினார். 2023இல் அவர் பட்டம் வென்றது ஸ்பிளிட் டிசிஷனில்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது போன வருடம். 2025 மே மாதம் ஒசாகாவில் டடுரானும் கின்ஜிரோவும் மறுபடி மோதினார்கள். ஸ்பிளிட் டிசிஷன், டடுரான் வெற்றி. ஸ்பிளிட் என்று கேள்விப்பட்டதும் அண்ணனுக்கு 105 பவுண்டு திடீரென்று கனமாகிவிட்டது. போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கட்டம் நிரப்பினார். அந்தக் கின்ஜிரோ சண்டை முடிந்து ஸ்டிரெச்சரில் போனவர். மூளையில் இரத்தக் கசிவு, மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை. இருபத்தைந்து வயது.

“அண்ணே, அந்தப் பையன் ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடக்கிறான்.”

“படிச்சேன் தம்பி, பாவம். அது வேற விஷயம். பன்னெண்டாவது ரவுண்டு யாருக்குக் குடுப்ப?”

நான் எழுந்து வந்துவிட்டேன். இது ரசனை இல்லை. இரண்டு பேர் அடித்துக்கொள்வதை உட்கார்ந்து பார்க்கிறோம் என்றால், அடி வாங்கியவன் வீட்டுக்கு நடந்து போனானா என்றாவது முதலில் கேட்க வேண்டும். அப்புறம் போடட்டும் பாயிண்டு.

பேச்சில்லாமல் இருந்துவிட்டு, ஜூலையில் நானாகவே போய் அவர் மேசையில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது, 46 வயதில் பக்கியாவ் மறுபடி ரிங்கில் இறங்கி மாரியோ பாரியோஸோடு மோதுகிறார். அதை இவர் இல்லாமல் பார்க்க முடியுமா? ஒரு ஜட்ஜ் 115-113 பாரியோஸுக்கு, மற்ற இருவர் 114-114. மெஜாரிட்டி டிரா. அண்ணன் அட்டையில் 115-113, பக்கியாவுக்கு. கடைசி மூன்று ரவுண்டையும் எப்படி பாரியோஸுக்கே கொடுப்பார்கள் என்று ஆரம்பித்தவர், கை கழுவும் குழாய்வரை போய், ஈரக் கையோடு திரும்பி வந்தும் நிறுத்தவில்லை. கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு. நாக் அவுட்டாக முடிந்திருந்தால் என்னால் அவரைச் சமாளித்திருக்க முடியாது.

பணம் கட்டப் போனோம். கோழி, மீன் சினை, வெண்டைக்காய், எல்லாக் குழம்பும் ஊற்றிய சோறு. கல்லாவிலிருந்த பாய் நாங்கள் சாப்பிட்ட தட்டுகளை எட்டி ஒரு பார்வை பார்த்தார். எது எவ்வளவு என்று எழுதவுமில்லை, கூட்டவுமில்லை.

“இருபத்தஞ்சு வெள்ளி.”

அண்ணன் பேசாமல் பர்ஸை எடுத்தார்.

“போன வாரம் இதே சாப்பாடு இருபத்தொண்ணுதானேண்ணே?” என்றேன்.

“சும்மா இரு தம்பி” என்று என் தோளை அழுத்தினார். “பாய் காதுல விழப்போவுது.”