அழிந்ததா, ஒளிந்ததா?

கேள்வி: கணினியை அப்டேட் செய்த பிறகு, கோயம்புத்தூர் அக்கா அனுப்பும் தமிழ் மின்னஞ்சல்கள் ஏதோ வேற்று எழுத்தில் தெரிகின்றன. மலையாளத்தில் வருபவை ஒழுங்காக இருக்கின்றன. தமிழ் மேல் மட்டும் என்ன கோபம்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கோபமே இல்லை. அக்காவின் அஞ்சல் தான் யூனிகோட் என்று சொல்லாமல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட். அதை ஐரோப்பியக் குறியீடாகப் படித்தால், தலையில் கோடு போட்ட 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', ஒரு கரும்புள்ளி என்று ஒரே 'க' மூன்றாக உடையும். எழுத்து அழியவில்லை; ஆள்மாறாட்டம்தான். அஞ்சல் படிக்கும் மென்பொருள் தண்டர்பேர்டு என்றால் 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' அழுத்துங்கள், அக்கா பேசுவார்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். விண்டோஸ் 10-இல் பழைய 'லதா' தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய்ச் சேர்க்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாம் குறியீடுகளில் எழுதிய பழைய அஞ்சல்களுக்கு எழுத்துரு மாற்றி தேவை.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் மட்டும் மருந்து கிடையாது. வழியிலேயே எழுத்து தொலைந்துவிட்டது. தயங்காமல் அக்காவையே மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.