முயலின் காதும் நோயாளியின் காலும்

கேள்வி: நரம்பு விஞ்ஞானத்திலும், ஆய்வுக்கூடத்தில் கண்டதை நோயாளிக்குச் சிகிச்சையாக்கும் துறையிலும் மேற்படிப்புப் படிப்பேன் என்கிறாள் என் மகள். பேசாமல் டாக்டருக்குப் படித்தால் என்ன?

பதில்: டாக்டர் சீட்டில் எழுதும் மருந்தை முதலில் யாராவது கண்டுபிடித்தாக வேண்டுமே! சர்ப்பகந்தி வேரின் சத்தாகிய ரெஸர்பினை ஏற்றியதால் காது தொங்கி, அசைவற்றுக் கிடந்த முயல்கள், மூளையில் டோபமின் என்னும் நரம்புச் செய்தி ரசாயனமாக மாறும் எல்-டோபாவைச் செலுத்திய சற்று நேரத்தில் காதை நிமிர்த்தி எழுந்ததை, 1957-ல் ஸ்வீடன் தேசத்து அர்வித் கார்ல்சன் கண்டார். பிற்பாடு வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், பார்க்கின்ஸன் வியாதியால் மாண்டவர்களின் மூளைத் துணுக்குகளை ரசாயனப் பரீட்சை செய்தபோது, மற்றவர் மூளையில் டோபமினைக் காட்டிய இளஞ்சிவப்பு நிறம் இவற்றில் அநேகமாக இல்லையென்பது வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. அவர் கொடுத்த எல்-டோபாவை 1961-ல் வைத்தியர் பிர்க்மாயர் ஊசி வழியே செலுத்த, படுக்கையில் எழுந்து உட்காரவும் சக்தியற்றிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். எத்தகைய நாள் அது!

ஆனால் பலன் நெடுநேரம் நீடிக்கவில்லை. அளவு, பக்கவிளைவு, நெடுநாட் பிரயோகம் ஆகியவற்றை நிர்ணயிக்கப் பின்னும் வருஷங்கள் ஆயின. முயலின் காதுக்கும் மனிதனின் காலுக்கும் இடையே கிடக்கும் அந்த நெடுவழியைத்தான் தங்கள் மகள் படிக்க ஆசைப்படுகிறாள். மூளை வங்கியும் ஆஸ்பத்திரியும் ஒரே வளாகத்தில் உள்ள பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற ஸ்தாபனமாயின் மிகவும் உத்தமம். எங்கு சேர்வதாயினும், மாணவரை வார்டுக்குள் அனுப்பி நோயாளிகளோடு பேச விடுகிறார்களா என்று முதலில் விசாரித்து, அனுப்புவதாயின் தயங்காமல் கட்டணத்தைக் கட்டுங்கள்.