மஹய்யாவயிலிருந்து சில கேள்விகள்

வெளிநாட்டுக்கு வரும் இளம் மிஷனரிக்கு முதலில் வேண்டியது வாயா, வேதமா?

காது! முதல் வருஷம் அவர் போதகர் அல்ல, மாணவர். கடை முதலாளியும் பஸ் கண்டக்டரும்தான் வாத்தியார்கள். கண்டி நகரைத் துப்புரவாக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் உங்கள் மஹய்யாவயில் என்றால் இரட்டைப் படிப்பு: வீட்டுக்குள் தமிழ், வீதியில் சிங்களம்.

கண்டிக்கு வந்த மிஷனரிகளில் உங்களைக் கவர்ந்தவர்?

ஜோசப் வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் கோலத்தில் கோவாவிலிருந்து வந்தவர். 1692இல் கண்டியில் ஒற்றர் என்று சிறைபிடித்தார்கள். அங்கேயே சிங்களம் கற்றார். 1697இல் பெரியம்மை பரவியது. ஊரே ஓடியபோது இவர் நோயாளிகளைத் தேடிப்போனார். புண் கழுவினார், பிணம் புதைத்தார், மதம் கேட்கவில்லை. ஒற்றராக உள்ளே போனவர் உற்றாராக வெளியே வந்தார்!

வெள்ளைக்கார மிஷனரிகள் ஆங்கிலத்தைத்தானே திணித்தார்கள்?

திணித்தவர்கள் உண்டு. ஆனால் 1904இல் கண்டி திரித்துவக் கல்லூரிக்கு அதிபராக வந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஏ. ஜி. ஃப்ரேசர், மாணவர்கள் தாய்மொழியைக் கட்டாயம் படிக்கவேண்டும் என்றார். நம் வீட்டில் அதைச் சொல்வது யார்?

மிஷனரிகளுக்கு வீட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்வார்கள்?

எது வீடு? வாஸ் திரும்பிப் போகவே இல்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே கண்மூடினார். 2015இல் அவரைப் புனிதராக அறிவிக்கப் பாப்பரசரே இலங்கைக்கு வந்தார்.