ஆபரேஷன் அண்ணன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்த டீக்கடைக்குப் போனாலும் ஒரு கமாண்டோ உட்கார்ந்திருப்பார். துப்பாக்கி இருக்காது. சட்டைப் பையில் கேட் பாஸ், டெஸ்டர், சர்க்கரை மாத்திரை மூன்றும் இருக்கும். ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாகவோ ஷிப்ட் இன்சார்ஜாகவோ வேலை. பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. இருபது வயதில் ஆளெடுப்புக்குப் போய், மார்பளவு இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த இரண்டு சென்டிமீட்டர் மட்டும் இருந்திருந்தால் நாட்டின் பாதுகாப்பு எங்கேயோ போயிருக்கும் என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். நம்மைச் சொல்லவைப்பார்.

போர் அவருக்குப் பிடிக்காது. அது பட்ஜெட் சமாச்சாரம், வருஷக்கணக்கில் இழுக்கும். அவருக்கு வேண்டியது வேறு. எங்காவது நாலு பேர் பணயக்கைதிகளாக அடைபட்டிருக்க வேண்டும். நேரம் நள்ளிரவு தாண்டியிருக்க வேண்டும். கறுப்பு உடையில் இருபது பேர் கதவைத் தகர்த்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கைக்கடிகாரத்தில் முள் நகர்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். மனைவி பிறந்த நாளை வருஷா வருஷம் மறந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவர், 1976 ஜூலை 4 என்றால் தூக்கத்திலும் “என்டெபி” என்பார்.

என்டெபி அவருடைய குலதெய்வம். “மேட்டரு இன்னான்னா தம்பி…” என்று ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஏர் பிரான்ஸ் விமானத்தைக் கடத்தி உகாண்டாவுக்குக் கொண்டுபோனது, இடி அமீன் கடத்தல்காரர்களுக்குத் துணை நின்றது, நாலு ஹெர்குலிஸ் விமானங்கள் இஸ்ரேலிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து போனது, அமீனின் காரைப் போலவே ஒரு கறுப்பு மெர்சிடிஸை முன்னால் ஓட்டிக் காவலர்களை ஏமாற்றப் பார்த்தது, 102 பேரை மீட்டு வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் இவையெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். அவர் உருகிப்போகிற இடம் வேறு. அந்த விமான நிலையக் கட்டடத்தைக் கட்டியதே ஓர் இஸ்ரேல் நிறுவனம். அதன் பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்துத்தான் திட்டமே போட்டார்கள்.

“காண்டிராக்டர் ட்ராயிங்கைப் பத்திரமா வச்சிருந்தான் தம்பி! நம்ம மில்லுல கேபிள் டிரெஞ்ச் ட்ராயிங் கேளு பார்ப்போம். போன வருஷம் ஜேசிபிக்காரன் தோண்டி மூணு ஷிப்ட் கரண்ட் இல்லாம உக்காந்தோமே!”

எனக்குத் தெரிந்து உலகத்திலேயே என்டெபியிலிருந்து ஆவணப் பராமரிப்பைப் பாடமாக எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். அந்தத் தாக்குதலில் செத்துப்போன பிணையாளிகள் மூன்று பேரைப் பற்றியோ, உடம்பு சரியில்லாமல் கம்பாலா மருத்துவமனையில் இருந்து, மீட்புக்குப் பின் உகாண்டா ஆட்களால் கொல்லப்பட்ட டோரா ப்ளாக் என்ற மூதாட்டியைப் பற்றியோ பேச்சு வராது. அதற்குள் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

அடுத்தது லண்டன். 1980 மே 5, ஈரான் தூதரகம், பால்கனியில் கறுப்பு முகமூடிகள். பதினேழு நிமிஷத்தில் முடிந்தது. ஸ்னூக்கர் இறுதியாட்டத்தை நிறுத்திவிட்டு பிபிசி அதை நேரலையாகக் காட்டியது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கமாண்டோவைப் பார்க்கும் பழக்கத்துக்கு அன்றைக்குத்தான் பூஜை போட்டார்கள் என்று சொல்லலாம். பிறகு பெருவின் லிமா, 1997. ஜப்பான் தூதர் மாளிகைக்கு அடியில் சுரங்கத் தொழிலாளர்களை விட்டுச் சுரங்கம் தோண்டினார்கள். சத்தம் கேட்காமலிருக்க வெளியே ராணுவப் பாட்டை அலறவிட்டார்கள். பிணையாளிகள் 72 பேரில் 71 பேர் பிழைத்தார்கள். “126 நாள் காத்திருந்தான் பெருவியன்” என்பதை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு, வெடித்த பகுதிக்குத் தாவிவிடுவார். இந்தத் தாவலைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணனின் முழுச் சரித்திர ஞானமும் இந்தத் தாவலில்தான் இருக்கிறது.

அவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. உடைந்த பேரிங்குக்கு மாற்று வாங்க இன்டென்ட் எழுதி, ஸ்டோர்ஸ் கையெழுத்து, பர்ச்சேஸ் கையெழுத்து, மேனேஜர் ஊரில் இல்லை, மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று ஒரு மாசம் அலைகிற மனுஷன். ஒருவன் “போ” என்கிறான், இன்னொருவன் போகிறான், பதினேழு நிமிஷத்தில் வேலை முடிகிறது என்றால் அவருக்குக் கண்ணில் நீர் கட்டாமல் என்ன செய்யும்?

சினிமாவை அவர் பார்ப்பதே திருத்துவதற்குத்தான். ‘ரோஜா’ பிடிக்காது, அத்தனை பெரிய ராணுவத்தை வைத்துக்கொண்டு கைதி தானே தப்பித்து வருவதா? 2011இல் வந்த ‘பயணம்’ பரவாயில்லை, கடத்திய விமானம் திருப்பதியில் இறங்குகிறது, நம்ம ஏரியா. ‘பீஸ்ட்’ படத்துக்கு இடைவேளையிலேயே தீர்ப்பு: “ஒத்த ஆளா எவனும் உள்ள போக மாட்டான் தம்பி. முதுகைப் பார்க்க ஒருத்தன் வேணும்.”

நம் நாட்டுக் கதைகளில் அவருக்குப் பெருமையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. பெருமை, 1993 ஏப்ரல், அமிர்தசரஸ்: கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் என்.எஸ்.ஜி. கரும்பூனைகள் ஏறிப் பயணிகளைச் சேதமில்லாமல் மீட்டது. வயிற்றெரிச்சல், 1999 டிசம்பர், அதே அமிர்தசரஸ்: கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானம் அங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றும், யாரும் எதுவும் செய்வதற்குள் பறந்து காந்தகார் வரை போய்விட்டது. அந்த முக்கால் மணி நேரத்தில் தான் இருந்திருந்தால் ஒரு டேங்கர் லாரியைக் கொண்டுபோய் ஓடுபாதையில் குறுக்கே போட்டிருப்பதாகச் சொல்வார். ஜிஎன்டி ரோட்டைத் தினம் பார்க்கிறவர், குறுக்கே நிற்கும் லாரியின் வல்லமை அவருக்குத் தெரியும்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியதும் அவர் லீவு போட்டுவிட்டார். 29ஆம் தேதி காலை தாஜ் ஹோட்டல் அடங்கும்வரை சோபாவை விட்டு எழவில்லை. நரிமன் ஹவுஸ் மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கியதை இன்றைக்கும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். அதே நேரலையை, பாகிஸ்தானில் உட்கார்ந்து கொலைகாரர்களுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். 2012இல் கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதற்காகச் சேனல்களைக் கண்டித்தது. இதைச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். “நாங்க பார்த்ததுல இன்னா தப்பு?” என்பார். தாஜில் உயிர்விட்ட மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். அந்த இடத்தில் நான் கிண்டலை மடக்கி உள்ளே வைத்துக்கொள்வேன்.

கமாண்டோக்கள் டெல்லியிலிருந்து வர நேரமாயிற்று என்பதால் அடுத்த ஆண்டே மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தாவில் என்.எஸ்.ஜி. மையங்கள் வந்தன. சென்னை மையம் வண்டலூர் பக்கம் நெடுங்குன்றத்தில். அண்ணன் உடனே கணக்குப் போட்டார். வண்டலூரிலிருந்து மீஞ்சூர்வரை வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர், சிக்னல் கிடையாது. அந்தச் சாலை போடப்பட்டதே கும்மிடிப்பூண்டியில் யாரையாவது பிணை பிடித்தால் ஆள் வந்து சேர்வதற்குத்தான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. 2025 மே 7 அன்று நாடு முழுக்கப் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை என்று சொல்லி, தமிழ்நாட்டில் கல்பாக்கத்தையும் சென்னைத் துறைமுகத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்தார்களே, அன்று அவர் மதியச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை.

கடற்படை விஷயத்தில் மட்டும் மனசு குளிரும். 2024 ஜனவரி 5, சோமாலியா பக்கம் ‘லீலா நார்ஃபோக்’ என்ற சரக்குக் கப்பலில் கொள்ளையர் ஏறிவிட, போர்க்கப்பல் ஒன்று விரட்டிப் போய் மார்கோஸ் கமாண்டோக்களை இறக்கி, இந்தியர் 15 பேர் உட்பட 21 மாலுமிகளையும் காப்பாற்றியது. கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். சென்னை. கமாண்டோக்கள் ஏறியபோது கொள்ளையர் யாரும் அங்கே இல்லை. “பேரைக் கேட்டதும் ஓடிட்டானுங்க!” மாலுமிகள் உள்ளறையில் பூட்டிக்கொண்டு சமயோசிதமாகக் காத்திருந்ததுதான் பாதி வெற்றி என்பதெல்லாம் அவர் காதில் ஏறாது. 1988 நவம்பரில் மாலத்தீவு ஆட்சிக் கவிழ்ப்பை இந்தியப் பாராசூட் படை முறியடித்து, பிணையாளிகளோடு கடலில் தப்பியவர்களையும் கடற்படை மடக்கியது. அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார். ஆட்சியைக் கவிழ்க்கப் போன கூலிப்படை, இலங்கையின் புளொட் இயக்கத் தமிழர்கள். வில்லன் நம் மொழி பேசினால் கதையில் விறுவிறுப்பு குறைந்துவிடுகிறது.

மில் கேட்டில் ஒரு செக்யூரிட்டி உண்டு. வேலூர்ப் பக்கத்துக்காரர், நிஜமாகவே பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து வந்தவர். அண்ணன் அவரை விடவே மாட்டார்.

“நீங்க எந்த யூனிட்டு சார்?”

“சிக்னல்ஸ். ஒயரு இழுப்போம், டெலிபோன் ரிப்பேர் பண்ணுவோம்.”

“ஆபரேஷன் ஏதாவது?”

“குடலிறக்கத்துக்கு ஒண்ணு பண்ணாங்க, ஜபல்பூர்ல.”

அண்ணன் நம் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டுவார். நிஜக் கமாண்டோ உண்மையைச் சொல்லவே மாட்டான் என்று எங்கோ படித்திருக்கிறார். செக்யூரிட்டி மறுக்க மறுக்க, டீக்கடையில் அவருடைய பதவி ஏறிக்கொண்டே போகிறது. இப்போதைக்கு ரகசியப் பிரிவில் துணைத் தளபதி.

அண்ணனிடம் கேட்கக் கூடாத கேள்விகள் இரண்டு. ஒன்று, கோணனகுண்டே. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற கூட்டத்தின் சிவராசனை 1991 ஆகஸ்டில் பெங்களூருவில் வளைத்துவிட்டு, கமாண்டோக்கள் வாசலில் காத்திருந்து, 20ஆம் தேதி காலை உள்ளே போனபோது கிடைத்தவை ஏழு சடலங்கள். இரண்டு, கன்னட நடிகர் ராஜ்குமார். 2000 ஜூலை 30 இரவு தாளவாடி பக்கம் கஜனூரில் வீரப்பன் அவரைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு மாநில போலீசும் அதிரடிப்படைகளும் இருந்தன. ஆனால் காட்டுக்குள் போனவர் நக்கீரன் கோபால், பிறகு பழ. நெடுமாறன் குழு. பேசினார்கள், திரும்பினார்கள், மறுபடி போனார்கள். 108 நாள் கழித்து நவம்பர் 15 அன்று ராஜ்குமார் உயிரோடு வந்தார். பணம் கைமாறியதா என்பது தனிப் பட்டிமன்றம். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். தமிழ் மண்ணில் நடந்த மிகப் பெரிய பிணைக்கைதி விவகாரம் இதுதான். அண்ணனின் பட்டியலில் இது இல்லை. “அது ஆபரேஷன் இல்ல தம்பி, பஞ்சாயத்து.”

போன வருஷம் அவருக்கே ஒரு வாய்ப்பு வந்தது. சம்பளப் பாக்கிக்காக ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் நாற்பது பேர், எச்.ஆர். அதிகாரியை மில் கேண்டீனில் உட்காரவைத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள். அண்ணன் முப்பது வருஷம் காத்திருந்த நாள். ஐந்து நிமிஷத்தில் சாக்பீஸால் தரையில் கேண்டீன் படம் விழுந்தது. முன் கதவு, பின் கதவு, பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னல். மெயின் சுவிட்சை இறக்க எலெக்ட்ரீஷியன் தயார். சத்தத்தை மறைக்க, லிமாவை நினைத்துக்கொண்டு, ஸ்கிராப் யார்டு கிரேனை ஓடவிடச் சொன்னார். பின் கதவைத் தகர்க்க வெல்டர் காஸ் கட்டரோடு நின்றான். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. தாக்குதல் நேரம் 18.30 என்று குறிக்கப்பட்டது.

18.10க்கு அந்தச் செக்யூரிட்டி டீ கேனைத் தூக்கிக்கொண்டு முன் கதவு வழியாக உள்ளே போனார். நமக்குப் புரியாத இந்தியில் ஏதோ பேசினார். அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். வெளியே வந்து லேபர் காண்டிராக்டருக்குப் போன் போட்டார். ஒன்பது மணிக்குக் காண்டிராக்டர் பணக்கட்டோடு வந்தார். பத்தேகாலுக்கு எச்.ஆர். அதிகாரி வெளியே வந்தார். உள்ளே இருந்த நேரத்தில் மூன்று டீயும் இரண்டு முட்டை போண்டாவும் கொடுத்ததாக அவரே சொன்னார்.

அந்தக் கதை இப்போது டீக்கடையில் வேறு ரூபத்தில் ஓடுகிறது. அதில் செக்யூரிட்டி, அண்ணன் முன்கூட்டியே உள்ளே அனுப்பிய உளவாளி. கிரேன் ஓடுகிறது, கரண்ட் போகிறது, வெல்டர் கதவைத் தகர்க்கிறான். மொத்தம் பதினெட்டு நிமிஷம். லண்டனைவிட ஒரு நிமிஷம் அதிகம், அது அண்ணனின் அடக்கம்.

ஆகவே சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து சீட்டுக்காரர் “மேட்டரு இன்னான்னா” என்று ஆரம்பித்தால் பயப்படாமல் கேளுங்கள். எண்ணூருக்குள் என்டெபி முடிந்துவிடும். மீஞ்சூரில் லண்டன், பொன்னேரியில் தாஜ் ஹோட்டல். கவரைப்பேட்டை வந்ததும் வேலை இருக்கிறதோ இல்லையோ, இறங்கிவிடுங்கள். அதற்கப்புறம் கேண்டீன்தான்.