காலியிடம் உண்டா, ஐயா?

சிவில் துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறவருக்கு முதல் வேலை, இனிமேல் கண்டுபிடிக்கப்போவதை இப்போதே எழுதித் தருவது. அதற்குப் பெயர் ஆய்வு முன்மொழிவு. 'கான்கிரீட்டில் சாம்பல் கலந்து பார்க்கப் போகிறேன்' என்று நேர்மையாக எழுதினால் எடுபடாது. 'ஆழ்கற்றல் வழியே அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கான்கிரீட்டின் அமுக்க வலிமையைக் கணித்தல்' என்று போட்டால் தேர்வுக் குழு நிமிர்ந்து உட்காரும். எப்படி எழுதினாலும், கடைசியில் அதே 15 செ.மீ. கனசதுரத்தை அதே இயந்திரத்தில் வைத்து நசுக்கத்தான் வேண்டும்.

அடுத்து நெறியாளர். யுஜிசியின் 2022 விதிப்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வு மாணவர்களைத்தான் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளலாம். இடம் காலியுள்ள நெறியாளர் நல்ல வரன் மாதிரி. நாம் விசாரிக்கும்போது வேறு இடத்தில் பேசி முடித்திருப்பார்கள். "அடுத்த செஷனில் பார்க்கலாம் தம்பி" என்பது மரியாதையான மறுப்பு.

பகுதி நேரம் என்றால், வேலை பார்க்கும் கல்லூரியின் தடையின்மைச் சான்று வேண்டும். 'நம்மிடம் முனைவர்கள் பெருக வேண்டும்' என்று ஆண்டுவிழா மேடையில் முழங்கும் நிர்வாகம்தான், அந்த ஒற்றைத் தாளை மேஜையில் மாதக்கணக்கில் ஊறப்போடும். கான்கிரீட்டைக்கூட 28 நாளில் தண்ணீரிலிருந்து எடுத்துச் சோதித்துவிடுகிறோம். லீவு கேட்காமல், வகுப்பு குறையாமல், மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டே ஒருவர் டாக்டர் ஆகிவிட வேண்டும், எதிர்பார்ப்பு அவ்வளவுதான்.

பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு என்கிறது விதி. விண்ணப்பத்தில் அலைந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. கையெழுத்துக்குப் போகிறவர்கள் பேனாவையும் கையோடு கொண்டுபோங்கள்.